மாங்கான்னா இடது ஓரம்

முன் சீட்டுல ஒருத்தர் போனைச் சத்தமா வெச்சு கபடி பாத்துக்கிட்டு இருக்காரே, நேத்து சாயங்காலம் சென்னையில நடந்த மேட்ச், அதுல செவப்பு பனியன் போட்டுக்கிட்டுப் பாடிப் போறவன் எங்க அண்ணன்.

நம்பலன்னா போங்க. என் மூக்கைப் பாருங்க, அவன் மூக்கைப் பாருங்க. ஒரே அச்சுல வார்த்த மூக்கு. பேரு இளமாறன். 'மாறன், மாறன்'னு கத்துறாங்கல்ல, அவன்தான். நான் எழிலரசி. எங்கப்பாவுக்குத் தமிழ்ப்பேர்னா உசுரு. பேரு வெச்சதோட கடமை முடிஞ்சதுன்னு உக்காந்துட்டாரு.

அந்த ஆளுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. சொன்னா திரும்பி உக்காந்துக்கிட்டு மன்னார்குடி வரைக்கும் பேசுவாரு. எனக்குப் பேசுற தெம்பு இல்ல. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறுறதுக்குள்ளயே பாதி உசுரு போயிடுச்சு.

சந்தோஷமா இருக்கணுமேன்னு கேக்குறீங்க. ஜெயிச்சுட்டானேன்னு கேக்குறீங்க. ஜெயிச்சான், அது ஒரு பக்கம். நான் இடது பக்கம் போடான்னு கத்துறேன், அவன் வலது பக்கம் போறான். இது எந்த ஊர் நியாயம்? முதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். சுருக்கமாச் சொல்லிடுறேன்.

எங்கம்மா பள்ளிக்கூட வாசல்ல தள்ளுவண்டி போட்டிருக்கு. மாங்கா, வெள்ளரி, சுண்டல், தண்ணி பாக்கெட். எங்கயாவது கபடி மேட்ச் நடந்தா வண்டி அங்க போயிடும். எங்க பக்கம் கபடிக்குக் கூடுற கூட்டம் கல்யாணத்துக்குக்கூடக் கூடாது. அம்மா வண்டியில நிக்கும், நான் தட்டைத் தூக்கிக்கிட்டு ஆடுற கோட்டுக்கு வெளியில சுத்தி வருவேன். அண்ணன் அப்ப ஒம்பதாவது. நான் ஏழாவது. அவன் ஸ்கூல் டீம்ல பாடிப் போறவன்.

அவனுக்கு ஓட்டம் உண்டு, மூச்சு உண்டு, தொடை பாத்தீங்கன்னா தூணு மாதிரி இருக்கும். கண்ணுதான் கிடையாது. கண்ணு இருக்கு, பார்வை கிடையாது. நேரா நடுவுல போவான், நாலு பேரு மேல விழுந்து அமுக்குவாங்க, மூஞ்சி பூரா மண்ணோட எந்திரிச்சு வருவான். மறுபடி நேரா நடுவுல போவான். மாடுகூட ஒரு தடவை முட்டுன சுவத்துல மறு தடவை முட்டாது.

அன்னிக்குப் பக்கத்து ஊர் ஸ்கூலோட மேட்ச். அவங்க டீம்ல இடது ஓரத்துல ஒரு ஒல்லிப்பய. பாயுறதுக்கு முன்னாடி குதிங்காலைத் தூக்குவான். ஒவ்வொரு தடவையும் தூக்குறான். சுண்டல் பொட்டலம் கட்டுற எனக்குத் தெரியுது, உள்ள நிக்கிற இவனுக்குத் தெரியல. எனக்குத் தாங்கல. "டேய் அண்ணே, அந்த ஒல்லிப்பய குதிங்காலைப் பாருடா!"ன்னு கத்திட்டேன்.

விசில் ஊதிட்டாரு நடுவர். நேரா என்கிட்ட வந்தாரு.

"ஏய் சுண்டல், வெளிய நின்னு சொல்லிக் குடுக்கக் கூடாது. இன்னொரு தடவை வாயைத் திறந்தே, உங்க ஸ்கூலுக்குப் புள்ளி போயிடும்."

"நான் யாவாரம் பண்றேன் சார்."

"பண்ணிக்க. என்ன விக்கிறியோ அதை மட்டும் கத்து."

அவரேதான் வழி சொல்லிக் குடுத்தாரு. அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அண்ணனை உக்கார வெச்சேன். மாங்கான்னா இடது ஓரத்துல நிக்கிறவன். வெள்ளரின்னா வலது ஓரம். சுண்டல்னா எவனையும் தொடாத, போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வெச்சுட்டு வந்துடு. தண்ணி பாக்கெட்னா ஒண்ணும் பண்ணாத, சும்மா திரும்பி வா. சொல்லுடா பாப்போம்னேன். ரெண்டு தடவை தப்பாச் சொன்னான், தலையில ஒரு கொட்டு, மூணாவது தடவை சரியாச் சொன்னான். அண்ணன்தான், இல்லேங்கல. ஆனா ஆட்டம்னு வந்துட்டா எனக்கு அண்ணன் தம்பி கிடையாது.

அதுக்கப்புறம் பாருங்க. ஸ்கூல்ல ஜெயிச்சோம். கல்வி மாவட்டத்துல ஜெயிச்சோம். மாவட்டத்துல ஜெயிச்சோம். கோட்டைச் சுத்தி நான் "மாங்கா மாங்கா"ன்னு வருவேன், அவன் இடது பக்கம் போய்த் தட்டிட்டு வருவான். "வெள்ளரி, பிஞ்சு வெள்ளரி"ன்னு வருவேன், வலது பக்கம் ஒருத்தன் வெளிய போவான். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. யாவாரம்தான் கொஞ்சம் அடி வாங்குச்சு. ஒரு பெரியவரு மாங்கா கேட்டாரு, "இப்ப இல்லைங்க"ன்னேன். தட்டு நெறைய இருக்கு. அவரு தட்டைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. "யாருக்கு வெச்சிருக்க?"ன்னாரு. "கொஞ்ச நேரம் ஆவட்டும்"னுட்டேன். அம்மாகிட்டப் போய்ச் சொல்லிட்டாரு, அன்னிக்கு எனக்கு நல்லா விழுந்துச்சு.

எங்க பி.டி. சாரு வண்டியில நின்னு சுண்டல் தின்னுக்கிட்டே சொல்றாரு, "மாறனுக்கு மூளை கால்லயே இருக்கு"ன்னு. நான்தான் பொட்டலம் கட்டிக் குடுத்தேன். நாலு கடலை கம்மியாப் போட்டேன், அவ்வளவுதான்.

என்னது? நானா? ஆடுனதில்லக்கா. பொண்ணுங்க டீமுக்கு ஒரு மிஸ் உண்டு, பானுமதி மிஸ்ஸு. அவங்க ஒரு நாள் கூப்பிட்டாங்க. "எழிலு, ஒரு தடவை வந்து பாரேன்"னாங்க. போனேன். ஒரு நாள் போனேன். அதுங்க ஏழு பேரையும் வெளிய அனுப்பிட்டுத் திரும்பி வந்தேன். அதுங்களுக்கு ஆடத் தெரியல, அதான். எது எந்தப் பக்கம் சாயும்னு முன்னாடியே மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு. அது ஒரு ஆட்டமா? மிஸ்ஸு வீடு வரைக்கும் வந்தாங்க. அம்மா கேட்டுச்சு, "இவ ஆடப்போனா அவனுக்கு யாரு கத்துறது?" சரியான கேள்விதானே. மிஸ்ஸு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. அது கெடக்கட்டும், பெரிய விசயம் இல்ல.

பத்து முடிச்சதும் அண்ணனுக்குத் தஞ்சாவூர் விளையாட்டு விடுதியில இடம் கெடைச்சுது. வீட்டுல ஒரே சந்தோஷம். முட்டை, பால், சிக்கன் எல்லாம் அவங்களே போடுவாங்கன்னு அம்மாவுக்குத்தான் பெரிய சந்தோஷம். அங்க போயி மூணாவது வாரமே போன் பண்றான். "பாப்பா, என்னைய எல்லா ரெய்டுலயும் புடிக்கிறானுவ. கோச்சு, வீட்டுக்குப் போயிடுங்குறாரு."

என்ன பண்றது? மேட்ச் இருக்குற அன்னிக்கெல்லாம் தட்டைத் தூக்கிக்கிட்டுத் தஞ்சாவூர் பஸ்ஸுல ஏறிட வேண்டியதுதான். அங்க வாசல்ல நிக்கிற வாட்ச்மேனுக்குப் போறப்பல்லாம் ஓசி மாங்கா. அண்ணன் மறுபடி ஜெயிக்க ஆரம்பிச்சான். நான் ஸ்கூலுக்குப் போறது கொறஞ்சுது. பத்தாவது பாஸாகிட்டேன், ப்ளஸ் ஒன் பாதியில நின்னுட்டேன். படிப்பு வரல, அது ஒரு பக்கம். அவனோட போகணும், அது ஒரு பக்கம். எந்தப் பக்கம் பெருசுன்னு கேக்காதீங்க. எங்க டீச்சரும் இதையேதான் கேட்டாங்க. அப்புறம் ரிஜிஸ்டர்லேருந்து பேரை எடுத்துட்டாங்க.

ஒரே ஒரு தடவை அவன் வேற மாதிரி பேசினான். எங்க ஊர்ப்பக்கம் திருவிழா மேட்ச். கெளம்புறப்ப சொல்றான், "இன்னிக்கு நீ கத்தாத பாப்பா. நானே பாத்து ஆடுறேன்."

"உனக்கு என்னடா தெரியும்?"

"தெரியுதான்னு பாக்குறேனே."

சரின்னேன். கத்தல. வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது? வலது ஓரத்துக்காரன் தோளை எறக்குறான், எனக்குத் தெரியுது, பொறுத்தேன். ஒரு ரெய்டு பூரா பொறுத்தேன். முதல் ரெய்டுலயே அமுக்கிட்டானுவ. பாத்தீங்களா? அதுக்கப்புறம் என்ன பொறுக்குறது. "வெள்ளரி"ன்னு கத்துனேன். கப்பு வாங்கினோம். வீட்டுக்கு வர்ற வழியில அவன் கப்பை என் கையில குடுத்துட்டு முன்னாடி போயிட்டான். கப்பு வாங்கிட்டு யாராச்சும் உம்முன்னு வருவாங்களா? எனக்கு இன்னிக்கு வரைக்கும் அது புரியல.

அந்தப் பக்கம் கொஞ்சம் நவுந்துக்கிறீங்களா, கால் மரத்துப் போச்சு. இது பண்ருட்டி தாண்டிட்டோமா? பலாப்பழ வாசனை வருது.

அப்புறம் கும்பகோணத்துல லீவுல ஒரு பெரிய மேட்ச். மண்ணு கிடையாது, ரப்பர் மேட் விரிச்சு ஆடுறது. அதுக்குத்தான் தொப்பி போட்ட ரெண்டு பேரு வந்திருந்தாங்க. டிவியில வர்ற லீக் இருக்குல்ல, அதுல ஒரு வடநாட்டு டீம் ஆளுங்க. நான் அன்னிக்குத் தொண்டை கிழியக் கத்துனேன். அண்ணன் எடுத்த புள்ளிய எண்ணவே முடியல. தொப்பிக்காரரு ஒருத்தரு என்கிட்டயே வந்து வெள்ளரி வாங்கித் தின்னுக்கிட்டே அடுத்தவருகிட்ட இங்கிலீஷ்ல சொல்றாரு. எனக்குப் புரிஞ்ச வரைக்கும், 'இந்தப் பையன் எதிராளியைப் படிக்கிறான்'னு சொன்னாரு. படிக்கிறானாம். உப்பு மொளகாய்த்தூள் வேணுமா சார்னு கேட்டேன். வேணும்னாரு.

எடுத்துட்டாங்க. பத்தொம்பது வயசுல டிவி டீம். ஊர்ல தட்டி வெச்சாங்க, அதுல அண்ணன் போட்டோ, கீழே அப்பா போட்டோ, ஓரத்துல யாரோ ஒரு கவுன்சிலர் போட்டோ. மாலை போட்டு அனுப்பி வெச்சோம். புனேவுக்கு ரயில் கெளம்புறப்ப என் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான், விடல. அம்மா, "விடுறா, வண்டி கெளம்புது"ங்குது. அவன் மூஞ்சியைப் பாத்தேன். பள்ளிக்கூடத்துல முதல் நாள் விட்டுட்டு வர்ற புள்ள மூஞ்சி.

நான் அப்பவே சொல்லியிருக்கணும், நானும் வர்றேன்னு. எங்கேன்னு போவேன்? புனேவுல போய் மாங்கா விக்க முடியுமா?

அவனோட முதல் மேட்ச். அம்மா வண்டிக்குப் பக்கத்துல டீக்கடை, அங்கதான் டிவி. ஊரே அங்க நிக்குது. இருபதாவது நிமிஷத்துக்கு மேல அண்ணனை எறக்குறாங்க. ரெண்டு ரெய்டு புள்ளி இல்லாமப் போயி மூணாவது ரெய்டு, இதுல புள்ளி எடுக்கலன்னா பாடிப் போறவன் வெளிய. அந்த நேரத்துல போய் இவனை எறக்குறானுவ. இவன் போறான். கோட்டைத் தாண்டுறான். நிக்கிறான்.

நிக்கிறான்க்கா. சும்மா நிக்கிறான். கழுத்தை லேசாச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறான். அந்த மைதானத்துல பாட்டு, மேளம், விசில், ஒரே இரைச்சல், அதுக்கு நடுவுல காதைக் குடுத்துக்கிட்டு நிக்கிறான். டீக்கடையில எங்கப்பா சொல்றாரு, "பாரு, என்ன நிதானம் பாரு." டிவியில பேசுறவனும் அதையே சொல்றான், நிதானமான வீரர்னு. எனக்கு மட்டும்தான் தெரியும் அவன் என்ன பண்றான்னு. நான் பெஞ்சு மேல ஏறி டிவியைப் பாத்து "வெள்ளரி, வெள்ளரிடா!"ன்னு கத்துறேன். டீக்கடைக்காரரு, "எனக்கு ஒண்ணு குடு பாப்பா"ங்குறாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. முப்பது செகண்டு முடிஞ்சுது. அவுட்டு.

அடுத்த மேட்ச் அதே கதை. அதுக்கடுத்து எறக்கவே இல்ல. பெஞ்சுல உக்கார வெச்சிட்டாங்க, தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்குறதை டிவியில காட்டுறான். மேட்ச் அன்னிக்குப் போனை வாங்கி வெச்சிடுவாங்களாம். மத்த நாள்ல பேசுவான். "கோச்சு இந்தியிலயே திட்டுறாரு பாப்பா, எதுக்குத் திட்டுறாருன்னுகூடத் தெரியல"ம்பான். ஒரு நாள் அழுதான். "அவ்ளோ சத்தம் இருக்கு, எனக்கு ஒண்ணுமே கேக்கல"ன்னான். சென்னையில மேட்ச் வருது, அதுல ஒண்ணும் பண்ணலன்னா ஊருக்கு அனுப்பிடுவோம்னு மேனேஜர் சொல்லிட்டாராம். ஊருக்கு அனுப்பிட்டா அவ்வளவுதான். ஒரு தடவை திருப்பி அனுப்புன ஆளை எந்த டீமும் தொடாது.

அதான் கெளம்பி வந்தேன். தாம்பரத்துல சின்னம்மா வீடு. ரெண்டு வாரமா அந்த எதிர் டீம் ஆடுன மேட்ச் எல்லாத்தையும் போன்ல போட்டுப் போட்டுப் பாத்து மண்டையில ஏத்தி வெச்சிருந்தேன். வலது ஓரத்துல ஒரு ஈரான்காரன். கை ஒண்ணொண்ணும் ஒலக்கை. கணுக்காலைப் புடிச்சான்னா முடிஞ்சுது. அந்தப் பக்கம் போகவே கூடாது. இடது ஓரத்துல நம்ம நாட்டுப் பையன், புதுசு, பாயுறதுக்கு முன்னாடி முட்டியை மடக்குவான். அதனால மாங்கா. கண்ணை மூடிக்கிட்டு மாங்கா.

அண்ணன் பாஸ் வாங்கிக் குடுத்திருந்தான். தட்டை உள்ள விடமாட்டாங்க, அது தெரியும். தண்ணி பாட்டிலையே புடுங்கிக்கிட்டாங்க. எனக்குக் கெடைச்ச எடம் எங்க தெரியுமா? உச்சியில, தூணுக்குப் பின்னாடி. கீழ ஆடுறவங்க கட்டைவிரல் அளவுக்குத் தெரியிறாங்க. கால் தெரியாது. சத்தியமா ஒருத்தன் காலும் தெரியல. அதனால என்ன? நான்தான் ரெண்டு வாரமாப் பாத்திருக்கேன்ல, எனக்குப் பாக்காமலே தெரியும்.

ரெண்டாவது பாதியில எறக்குனாங்க. மறுபடி அதே மாதிரி, புள்ளி எடுக்கலன்னா வெளியங்குற ரெய்டு. நல்ல காலம், இங்க அந்த நேரம் பாத்துப் பாட்டு நின்னுடுச்சு. ஒரே அமைதி. இதைவிட என்ன வேணும்? எந்திரிச்சு நின்னு ஊர் சந்தையில கத்துற மாதிரி கத்துனேன், "மாங்கா! மாங்காய்ய்!"

சுத்தி இருக்குறவங்க எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. ஒரு அண்ணா, "எங்கம்மா மாங்கா?"ங்குறாரு. ஒரு சின்னப்புள்ள அவங்கம்மாகிட்ட மாங்கா வேணும்னு அழுவுது. கீழ பாத்தா அண்ணன் கழுத்து லேசா அசைஞ்சுது. கேட்டுடுச்சு. எனக்குத் தெரியும், கேட்டுடுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு.

அந்த நாயி நேரா ஈரான்காரன்கிட்டப் போறான்.

எனக்கு உசுரே இல்ல. ஈரான்காரன் கையை நீட்டுறான், அண்ணன் அந்தக் கைக்குக் கீழ குனிஞ்சு, அவன் முதுகுல ஒரு தட்டு, பக்கத்துல ஓடி வந்தவன் தோள்ல ஒரு தட்டு, தவ்விக் கோட்டுக்கு வந்துட்டான். ரெண்டு புள்ளி. அரங்கமே எந்திரிச்சு நிக்குது. நான் மட்டும் உக்காந்துட்டேன்.

அப்புறம் இன்னொரு ரெய்டுக்கு நான் "சுண்டல்"னேன். போனஸ் எடுக்கல, நடுவுல நிக்கிறவனைத் தொட்டுட்டு வர்றான். கடைசி ரெய்டுக்கு "தண்ணி பாக்கெட்"னேன், திரும்பி வாடான்னு அர்த்தம். இருக்குற மூணு பேரையும் இழுத்துக்கிட்டு வந்து கோட்டுல விழுறான். எல்லாம் அவுட்டு. மேட்ச் முடிஞ்சுது. பெரிய திரையில அவன் மூஞ்சி. சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை நான் பாத்ததே இல்ல. இத்தனை கப்பு வாங்கியிருக்கான், ஒரு தடவைகூட அப்படிச் சிரிச்சதில்ல.

அதிர்ஷ்டம்க்கா. வேற என்ன. ஈரான்காரனுக்குக் கால் வழுக்கியிருக்கும். நான் அப்புறம் போன்ல நாலஞ்சு தடவை போட்டுப் பாத்தேன். வழுக்குன மாதிரி தெரியல. ஆனா வழுக்கியிருக்கணும்.

இடது ஓரத்துப் பையன் என்ன பண்ணான்னு கேக்குறீங்களா? அது... அன்னிக்கு அவன் முட்டியில கட்டுப் போட்டிருந்தான். மடக்கவே இல்ல. வேற மாதிரி நின்னுருக்கான். அது போன்ல பாத்தப்பதான் தெரிஞ்சுது. அவன் பக்கம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கெப்படித் தெரியும்? போகலையே.

வெளிய வாசல்ல அஞ்சு நிமிஷம் பேச விட்டாங்க. டீம் பஸ்ஸு நிக்குது. தலையெல்லாம் ஈரம், கழுத்துல துண்டு, ஓடி வந்து என்னைத் தூக்கி ஒரு சுத்துச் சுத்துறான்.

"எறக்கி விடுறா. நான் என்ன சொன்னேன்?"

"மாங்கான்ன."

"கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"கேட்டும் எதுக்குடா அந்தப் பக்கம் போன?"

துண்டால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டே சொல்றான், "அந்த ஈரான்காரன் கண்ணு என் மேல இல்ல பாப்பா. அவன் அவங்க கேப்டனைப் பாத்துக்கிட்டு இருந்தான். எனக்கு அது தெரிஞ்சுது. நீ கத்துறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது."

"உனக்கா?"

"ம்."

"எப்பலேருந்து?"

"பெஞ்சுல உக்கார வெச்சாங்கல்ல. வேற வேலை என்ன, பாத்துக்கிட்டே இருந்தேன்."

கன்னத்துல ரெண்டு வெக்கலாம் போல இருந்துச்சு. அவன் அதோட விட்டானா? "இனிமே நீ அலைய வேண்டாம் பாப்பா. எனக்காக ரொம்பக் கஷ்டப்பட்டுட்ட. மறுபடி படிக்கிறியா? இல்ல, பானுமதி மிஸ்ஸை வேணாப் போய்ப் பாரேன்"ங்குறான்.

படிக்கிறியாவாம். அஞ்சு வருஷம் தட்டைத் தூக்கிக்கிட்டு வெயில்ல சுத்துனவகிட்ட, படிக்கிறியாவாம். அதுக்குள்ள பஸ்ஸுலேருந்து யாரோ இந்தியில கூப்பிட்டாங்க. இவன் திரும்பி இந்தியிலயே என்னவோ பதில் சொல்றான். எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியல. போயிட்டான்.

மேனேஜர் இனிமே அனுப்பமாட்டாரு. அது நல்ல சேதிதான். அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன், அம்மா அழுவுது. அப்பா, "நான் அப்பவே சொன்னேன்ல, நிதானம்"ங்குறாரு. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். சந்தோஷம் இல்லேன்னு சொல்லல. அசதியா இருக்கு, அவ்வளவுதான். தூங்கவே தூங்காம எப்பவும் முழிச்சிருந்து, திடீர்னு இனி நீ தூங்கலாம்னு சொன்னா எப்படி இருக்கும்? தூக்கம் வருமா?

இருங்க, போன் அடிக்குது. அவன்தான்.

ஹலோ... ஆங், பஸ்ஸுல... சாப்பிட்டேன். நீ?... ஏர்போர்ட்டா, சரி... நாளன்னிக்கா? எவனுங்களோட?... ஆங்... இடது ஓரத்துலயா, அந்தத் தாடிக்காரனா... இல்லடா. நான் பாக்கல... தெரியாதுடா. எனக்குத் தெரியாது. நீயே பாத்துக்க... சரி. வெச்சுடு.

அடுத்த மேட்ச்சுக்கு இடது ஓரத்துல நிக்கிறவன் எப்படின்னு கேக்குறான். தெரியாதுன்னதும் "சரி பாப்பா"ன்னு வெச்சிட்டான். ஒரு நொடிகூட யோசிக்கல. அவனுக்குத் தேவைப்பட்டுக் கேட்டானா, என் மனசு நோகக் கூடாதுன்னு கேட்டானான்னு கண்டுபிடிக்க முடியல. மூஞ்சியைப் பாத்தாத்தானே தெரியும். தேவைப்பட்டுத்தான் கேட்டான்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்.

அப்படிப் பாக்காதீங்க. ஆமா, தெரியும்.

அந்தத் தாடிக்காரன் பாயுறதுக்கு முன்னாடி பின்னங்காலைத் தரையில தேய்ப்பான். மாடு தேய்க்கிற மாதிரி. சும்மா பயமுறுத்துறதுக்கும் தேய்ப்பான், அப்ப மோவாய் மேல நிக்கும். மோவாய் கீழ எறங்கிட்டுத் தேய்ச்சான்னா நெஜமா வர்றான்னு அர்த்தம். அப்ப பின்னாடி வரக்கூடாது, அவன் தோளுக்கு மேல தாண்டிடணும்.

இதை எதுக்கு நம்மகிட்ட சொல்றான்னு நெனைக்கிறீங்க, எனக்கும் தெரியுதுக்கா. யாருகிட்டயாவது சொல்லியாகணும்ல.